துணையின்றி நீரடியில்

ஸ்கூபா பயிற்சியின் முதல் நாளிலேயே மாணவருக்கு இரண்டு விதிகள் சொல்லித் தரப்படுகின்றன. மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது ஒன்று. தனியே மூழ்காதே என்பது மற்றொன்று. முதல் விதிக்கு இயற்பியலே காவல். 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய வாங்கிய காற்று, மேற்பரப்பை எட்டும்போது இரு மடங்காக விரிகிறது. அதை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. இரண்டாம் விதி அத்தகையதன்று. அனுபவம், வழக்கம், அச்சம், காப்பீட்டுக் கணக்கு, பயிற்சி நிறுவனங்களின் எச்சரிக்கை எல்லாம் கலந்து உருவான விதி அது. கடந்த சில ஆண்டுகளாக இந்த இரண்டாம் விதியைத்தான் நாம் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். (தனியே மூழ்குவதைப் பற்றி எழுதும்போதும் 'நாம்' என்றே கை ஓடுகிறது. இருபது ஆண்டு வகுப்பறைப் பழக்கம். வாசகர் பொறுத்தருள்க.)

புரட்டிப் பார்க்க வேண்டிய தேவை பொழுதுபோக்காக வந்ததன்று. நம் கல்லூரியின் இயற்பியல் துறையில் பணியாற்றும் நண்பரும் நாமும் புதுச்சேரிக் கடலில் ஒரே வாரத்தில் மூழ்கக் கற்றவர்கள். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள், புதுச்சேரியிலும், 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக்கிலும், நூற்றுக்கு மேற்பட்ட முறை சேர்ந்தே இறங்கியிருக்கிறோம். கரையில் அவர் அதிகம் பேசமாட்டார். நீரடியில் எங்களுக்குச் சைகையும் தேவைப்பட்டதில்லை. திரும்பிப் பார்த்தால் வலப்புறம் இரண்டு மீட்டர் தள்ளி, சற்றே மேலே, அவர் இருப்பார். 2021இன் இறுதியில் அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவருடைய இதயத்தின் நிலையைப் பார்த்த மருத்துவர் கடலுக்குள் இறங்குவது இனி வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். "நீங்க நிறுத்திராதீங்க சார்" என்றார் நண்பர், பழரசம் குடித்துக்கொண்டே, ஏதோ நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுவதுபோல.

நிறுத்தாமல் இருக்க என்ன வழி? படகில் ஏறியதும் எவரோ ஒருவரை நமக்கு இணையாகச் சேர்த்துவிடுவார்கள். பெயர் கேட்டுக் கை குலுக்கிய பத்தாம் நிமிடத்தில் அவர் உயிருக்கு நாமும் நம் உயிருக்கு அவரும் பொறுப்பு. 2022 பிப்ரவரியில் அப்படி ஒருவர் வாய்த்தார். நல்ல மனிதர், விலையுயர்ந்த கேமரா வைத்திருந்தார். 22 மீட்டர் ஆழத்தில் ஒரு பவளப் பாறையின் இடுக்கில் தலையைக் கொடுத்துவிட்டு ஏழெட்டு நிமிடம் அசையவில்லை. பின் சட்டென்று வேறு திசையில் நீந்தினார். நாற்பது நிமிடமும் அவர் குமிழிகளை எண்ணியபடி பின்தொடர்ந்தோம். ஒருமுறைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நமக்குக் காற்று நின்றுபோயிருந்தால் அவருக்கு அது படகில் ஏறிய பிறகே தெரியவந்திருக்கும். அன்று நமக்குத் துணை இருந்ததா, இல்லையா? ஏட்டில் இருந்தது. நீரடியில் நாம் தனியாகத்தான் இருந்தோம். போதாக்குறைக்கு இன்னொருவரைக் காக்கும் சுமையும் சேர்ந்திருந்தது. தனியே மூழ்குவதா வேண்டாமா என்ற கேள்வியைக் காட்டிலும், ஏற்கெனவே தனியாக இருப்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற ஏற்பாடு செய்துகொள்கிறோமா என்ற கேள்விதான் மெய்யானது என்று அன்று பட்டது.

இதை வீட்டில் சொன்னபோது மனைவி நீண்ட மறுப்பெதுவும் சொல்லவில்லை. "அப்ப கயித்த யாரு பிடிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அவர் பிறந்தது மன்னார் வளைகுடாக் கரையோர ஊர். முத்துக்குளிப்பவன் தன் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான், தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விரும்பமாட்டான் அல்லவா, என்ற பேச்சு அக்கரையோரங்களில் இன்றும் உண்டு. நாமும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு, வேறொரு காரணத்துக்காக: 'முத்துக்குளித்தல்' என்னும் தொடரில் வரும் குளித்தலுக்கு வாளித் தண்ணீரோடு தொடர்பில்லை, மூழ்குதல் என்பதே அதன் பழம்பொருள் என்று விளக்குவதற்காக. அந்தத் தொழிலில் ஒருவன் கல்லைப் பற்றிக் கடலடிக்குப் போவான். படகில் ஒருவன் கயிற்றை உணர்ந்தபடி நிற்பான். கயிறு சுண்டினால் இழுப்பான். அடியில் இருப்பவன் தனியன்தான். ஆனால் அவன் தனிமையின் மறுமுனை ஒரு கையில் இருந்தது. ஜப்பானின் ஆமா பெண்களிலும் இரு வகை உண்டு. கணவனோ உறவினனோ படகில் கயிறு பிடிக்க ஆழத்துக்கு இறங்குபவர்கள் ஒரு வகை. கரையிலிருந்து நீந்திப் போய்த் தாமே இறங்கித் தாமே ஏறுபவர்கள் இன்னொரு வகை. பின்னவர்கள் இறங்கும் ஆழம் குறைவு. கயிறு இல்லாத இடத்தில் ஆழத்தைக் குறைத்துக்கொள்ளும் அறிவு பழையது.

ஸ்கூபாவின் தொடக்கத்திலும் இதே அமைப்புதான். ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கஞானும் 1943இல் உருவாக்கிய, மூச்சிழுக்கும்போது மட்டும் தேவையான அழுத்தத்தில் காற்றைத் தரும் கருவியைக் கூஸ்தோ அவ்வாண்டுக் கோடையில் மத்தியதரைக் கடலில் சோதித்தார். அடியில் அவர் ஒருவர்தான்; இருந்ததே ஒரு கருவிதான். மேலே அவர் மனைவி சிமோன் முகக்கண்ணாடி வழியே அவரைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தார். சைகை வந்தால் பாய்வதற்குக் கரையில் நண்பர் தூமா காத்திருந்தார். கயிற்றுக்குப் பதில் இரு கண்கள். கருவி பெருகி, பெருந்தொகையினர் கற்க வந்த பிறகு, மேலிருந்து பார்க்கும் ஆளை இன்னொரு மூழ்குநராக்கி அருகிலேயே இறக்கிவிட்டார்கள். நீச்சல் முகாம்களில் பிள்ளைகளை இருவர் இருவராகப் பிணைக்கும் வழக்கம் முன்பே இருந்தது. அது கடலுக்கும் வந்தது. அன்றைய சிலிண்டர்களில் மூச்சுவாய் ஒன்றே இருந்ததால், ஒருவர் காற்று தீர்ந்தால் இருவரும் ஒரே வாயை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு மேலேறினார்கள். துணையாள் அப்போது மெய்யாகவே ஓர் உயிர்க்கருவி.

ஆனால் துணையாளே ஆபத்தாக முடியும் இடங்களும் இருந்தன. இங்கிலாந்தின் நிலத்தடிக் குகைகளில் ஓடும் நீர், ஒருவர் படுத்து நுழையும் அளவே உள்ள துளைகளில் கலங்கல் நிறைந்து கிடக்கும். அங்கே பின்னால் வருபவர் திரும்பும் வழியை அடைக்கும் அடைப்பான். ஆகவே அந்நாட்டுக் குகை மூழ்குநர்கள் தனியே செல்வதையே முறையாகக் கொண்டார்கள். முதுகில் சுமக்க இடமில்லாத காரணத்தால் சிலிண்டர்களை விலாவோடு சேர்த்துத் தொங்கவிட்டார்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று, இரண்டுக்கும் தனித்தனி ரெகுலேட்டர். இன்று 'சைட்மவுண்ட்' என்று கடைகளில் விற்கப்படும் முறையின் வேர் அதுதான். குறுகிய துளைக்காகக் கண்டறியப்பட்ட ஒன்று பிற்பாடு நமக்கும் உதவியது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

அமெரிக்காவில் ஷெக் எக்ஸ்லி என்றொருவர் இருந்தார். ஃபுளோரிடாவில் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர். குகைகளுக்குள் 4,000 முறைக்கு மேல் மூழ்கியவர். 1979இல் அவர் வெளியிட்ட சிறு நூலில், குகைகளில் இறந்தவர்களின் நிகழ்வுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது விடுபட்டதால் இறந்தார்கள் என்று பார்த்தார். வெளிவாயில்வரை அறுபடாத வழிநூல் வேண்டும், உள்ளே செல்வதற்குக் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவிடக் கூடாது என்பன போன்ற விதிகள் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை. ஆசிரியத் தொழிலின் நல்ல குணம் அந்நூலில் உண்டு: யாரையும் இகழாமல் பிழையைத் திருத்துவது. அவரே 1994 ஏப்ரல் 6 அன்று மெக்சிகோவின் சகடோன் என்னும் ஆழ்கிணறு போன்ற குழியில் 1,000 அடியைத் தொடும் முயற்சியில் இறந்தார். அதே நேரத்தில் அதே குழியில் ஜிம் பௌடன் வேறொரு கயிற்றின் வழியே இறங்கி, 925 அடியில் திரும்பி, உயிரோடு மேலே வந்தார். சில மீட்டர் தொலைவில் இருவர், இருவரும் தனியர். அந்த ஆழத்தில் ஒருவர் மற்றவருக்குச் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பதை இருவரும் அறிந்தே இறங்கினார்கள். தன்னிறைவைப் பற்றி வீரம் பேசுவோர் எக்ஸ்லியின் நூலோடு அவர் முடிவையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பயிற்சி நிறுவனங்கள் நெடுங்காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. எஸ்.டி.ஐ. என்னும் நிறுவனம் 1999இல் தனி மூழ்குநருக்கான பயிற்சியை வெளிப்படையாகத் தொடங்கியது. உலகின் பெரிய நிறுவனமான பாடி 2011இல்தான் அதே வழிக்கு வந்தது. அப்போதும் 'தனி' என்ற சொல்லைத் தவிர்த்து, 'தற்சார்பு மூழ்குநர்' என்ற பொருள்படும் பெயரை வைத்தது. சொல்லாராய்ச்சி நம் தொழிலாதலால் இதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டிலும் சேர 100 மூழ்கல்களுக்குக் குறையாத அனுபவம் வேண்டும். நாம் 2023 கோடை விடுமுறையில் தாய்லாந்தின் கோ தாவ் தீவுக்குச் சென்று அதை முடித்தோம். முகக்கண்ணாடியைக் கழற்றி உப்புநீரில் கண் திறந்தபடி மாற்றுக் கண்ணாடியைத் தேடி அணிவது, ஓடும் காற்றை மூடி மறு சிலிண்டருக்கு மாறுவது, கையால் தடவியே வலையை அறுப்பது என்று மூன்று நாள். நம்மைவிடப் பதினைந்து வயது இளையவரான பயிற்றுநர் ஒரு வினாவை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்: இது இல்லாமல் போனால் அடுத்தது எது?

கருவி வாங்கும் கதைக்கு வருவோம். கடைப் பட்டியலிலிருந்து தொடங்குவது வீண் என்று தோன்றியது. பதிலாக ஒரு தாளை எடுத்து, பன்னிரண்டு ஆண்டுகளாக நம் நண்பர் நீரடியில் நமக்கு என்னவாக இருந்தார் என்று எழுதினோம். இரண்டாம் சிலிண்டர். இரண்டாம் ரெகுலேட்டர். முதுகுப்பக்கத்து வால்வைத் திறக்கும் கை. வலை அறுக்கும் கத்தி. நேரம் பார்க்கும் கண். திசை நினைவு. "போதும், மேலே போவோம்" என்று பெருவிரலை உயர்த்தும் மனம். தமிழில் 'துணை' என்ற சொல்லுக்கு உடனிருப்பவர், உதவி என்னும் பொருள்களோடு அளவு என்னும் பொருளும் உண்டு. இத்துணை, அத்துணை என்கிறோமே. அந்தத் தாளை எழுதி முடித்தபோதுதான் ஒருவர் எத்துணை என்பது தெரிந்தது.

முதலில் காற்று. எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, அளக்கலாம். 10 மீட்டரில் பத்து நிமிடம் சீராக நீந்தினோம். 11.1 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினியச் சிலிண்டரில் 36 பார் அழுத்தம் குறைந்தது. ஏறத்தாழ 400 லிட்டர், நிமிடத்துக்கு 40, அந்த ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காதலால் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 20 லிட்டர். பதற்றத்தில் மூச்சு வேகமெடுக்கும், ஆகவே 30 என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரில் கோளாறு நேர்ந்தால், என்ன நடந்தது என்று உணர்ந்து மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம், அதற்கு 120 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர்வரை ஏற 230. அங்கே மூன்று நிமிடம் நிற்க 135. எஞ்சிய தூரத்துக்கு 20. ஆக 500 லிட்டருக்குச் சற்று மேல். கைக்கடக்கமாக, இடுப்பில் செருகிக்கொள்ளும்படி விற்கப்படும் குப்பியில் இருப்பது 85 லிட்டர்தான். அந்த ஆழத்தில் அது ஒரு நிமிடத்துக்கும் போதாது. அதை அணிந்தவர் துணிச்சலோடு மேலும் கொஞ்சம் ஆழம் போவார் என்பதே அதனால் விளையும் தீங்கு. 3 லிட்டர்ச் சிறு சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் 600 லிட்டர். கணக்கு ஒருவாறு நேராகிறது. தனி மூழ்குநர் பலரும் முதன்மைச் சிலிண்டரோடு இத்தகைய சிறு சிலிண்டரைச் சேர்த்துக் கட்டுவது இதனால்தான்.

ஆனால் அதை நம் நாட்டில் எப்படி வைத்துக்கொள்வது? அழுத்த வாயுச் சிலிண்டர்கள் இங்கே 2016ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வருகின்றன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் வெளியிலிருந்து கொண்டுவர இயலாது. விமானத்தில் எடுத்துச் செல்வதும் எளிதன்று. காலியாக, வால்வு கழற்றி, உட்புறம் தெரியும்படி இருக்க வேண்டும் என்பார்கள். அந்தமானுக்கு ஒரு வாரம் செல்லும் கல்லூரி ஆசிரியருக்கு இது ஆகிற காரியமன்று. இங்கேதான் இங்கிலாந்துக் குகையர்கள் கைகொடுத்தார்கள். எல்லா மூழ்கு நிலையங்களிலும் வாடகைக்குக் கிடைப்பது ஒரே வகை அலுமினியச் சிலிண்டர். அதில் இரண்டை எடுத்து விலாவின் இருபுறமும் தொங்கவிட்டால் போதும். நாம் சுமந்து செல்ல வேண்டியவை ஒரு சேணமும் இரண்டு ரெகுலேட்டர்களும்தான். முதுகில் இருக்கும் வால்வைத் தன் கையால் எட்டுவதற்கு நாற்பதைத் தாண்டிய தோள்கள் ஒத்துழைப்பதில்லை. இம்முறையில் இரண்டு வால்வுகளும் அக்குளுக்குக் கீழே, கண் முன்னே இருக்கின்றன. எது சீறுகிறது என்று பார்க்கலாம், மூடலாம், திறக்கலாம். இருபுறமும் மாற்றி மாற்றி 30 பாருக்கு ஒருமுறை வாய் மாற்றுகிறோம். இரண்டிலும் 60 பாருக்குக் குறையாமல் இருக்கும்வரைதான் நீரடியில் இருப்பது. எது பழுதானாலும் மற்றது மேலே கொண்டுவந்து சேர்க்கும். சங்கடமும் உண்டு. காற்று குறையக் குறைய அலுமினியச் சிலிண்டரின் வால்புறம் மிதக்கத் தொடங்கும். நடுவில் கொக்கியை இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். படகில் ஏறுவது பெரும்பாடு. அழகென்று சொல்வதற்கில்லை, நீரில் இறங்கும்போது இரண்டு குடம் கட்டிய கழுதையின் சாயல் இருப்பதாக நண்பர் சொன்னார்.

அடுத்தது பார்வை. விளம்பரங்கள் சொல்லாத செய்தி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: வெள்ளெழுத்து. நாற்பத்து மூன்றாம் வயதில், 20 மீட்டர் ஆழத்தின் மங்கலில், அழுத்தமானியின் எண்கள் கலைந்துபோயின. நீர் பொருள்களை மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் காட்டுவது உண்மைதான், போதவில்லை. அதற்கு முன் எண்களைப் படித்துச் சொல்ல இளைய கண்களுடைய நண்பர் இருந்தார். அவர் நம்மைவிட ஐந்து வயது இளையவர். இப்போது முகக்கண்ணாடியின் கீழ்ப்புறம் ஒட்டிக்கொள்ளும் உருப்பெருக்கி வில்லைகளைப் பதித்திருக்கிறோம். பெரிய எண்கள் ஒளிரும் டைவ் கம்ப்யூட்டர் ஒன்று மணிக்கட்டில். பழுதானால் பார்க்க எளிய ரகம் இன்னொன்று. பயிற்றுநரின் வினாவை இங்கே கேட்டால், தொடைப்பையில் இருக்கும் மாற்றுக் கண்ணாடியிலும் வில்லை வேண்டும் என்பது விடை. வில்லை இல்லாத மாற்றுக் கண்ணாடி மீனைப் பார்க்க உதவும், காற்றைப் பார்க்க உதவாது.

வெட்டும் கருவி பற்றிக் குறைவாகவே சொல்லலாம். கரையோரக் கடலில் கைவிடப்பட்ட நைலான் வலைகள் பாறைகளில் சிக்கிக் கிடக்கின்றன. கணுக்காலில் கட்டும் நீண்ட கத்தி திரைப்படத்துக்குப் பொருத்தம். மெல்லிய நைலானை அறுக்க உள்வளைந்த சிறு அலகும், தூண்டில் கம்பியை நறுக்கக் கத்தரிக்கோலும்தான் பயன்படுகின்றன. ஒன்று இடத் தோள்பட்டையில், ஒன்று இடுப்பின் நடுவில். எந்தக் கை சிக்கினாலும் மற்றக் கை எட்டும் இடங்கள். மேலே வரும்போது இடத்தைக் காட்ட ஆரஞ்சு நிறக் காற்றுப்பையும் 30 மீட்டர் நூலும். ஊதல், சிறு கண்ணாடி, கைவிளக்கு. இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று நிறுத்திக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. தன்னிறைவு என்ற சொல்லுக்கு ஓர் ஆசை உண்டு. எல்லாவற்றிலும் இரண்டு, பின் மூன்று என்று கேட்கும். அய்யனார் கோயில் வேல்போல உடலெங்கும் செருகிக்கொண்டு இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு கொக்கியும் சிக்கக்கூடியது. ஒவ்வொரு குழாயும் கசியக்கூடியது. ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். தாளில் எழுதிய பட்டியலில் எதற்கு விடையாக வருகிறது என்று சொல்ல முடியாத பொருள் சேணத்தில் இடம்பெறுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். வெளியேற்றும் மூச்சைச் சுத்திகரித்துத் திரும்பத் தரும் ரீபிரீதரைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். அதில் பிராணவாயு குறைந்தால் மூச்சுத் திணறல்கூடத் தோன்றாமல் நினைவு தப்பும். வாயில் இருப்பதைக் கழற்றிவிடாமல் தாங்கிப் பிடிக்க ஒருவர் பக்கத்தில் வேண்டும். தனியருக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது நம் துணிபு.

தாளில் இருந்த கடைசி வரிக்குத்தான் கடையில் விடை இல்லை. 30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜன் மூளையை மெல்ல மயக்கும். மயங்குகிறோம் என்பது மயங்குபவருக்குத் தெரியாது. எதிரில் இருப்பவரின் கண்களுக்குத்தான் தெரியும். அந்தக் கண்கள் இல்லையென்றால் அந்த ஆழத்தைத் துறப்பது ஒன்றே வழி. ஆமா பெண்கள் செய்ததுதான். ஆகவே தனியே இறங்கும்போது 18 மீட்டருக்குக் கீழே போவதில்லை. மூழ்கிய கப்பலுக்குள் நுழைவதில்லை. நீரோட்டம் இருந்தால் இறங்குவதில்லை. முன்னரே பிறரோடு இறங்கிப் பார்த்திராத இடத்தில் இறங்குவதில்லை.

இதயத்துக்கும் விடை இல்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வு 947 மூழ்குநர் மரணங்களைத் தொகுத்துப் பார்த்தது. விபத்தைத் தொடக்கிய காரணம் தெரியவந்தவற்றில் 41 விழுக்காடு காற்றுப் பற்றாக்குறை. இதைப் படித்தபோது முதலில் ஒரு நிம்மதி, இரண்டு சிலிண்டர்கள் அதற்கு விடையல்லவா! ஆனால் வயது ஏற ஏற, இதயம் நின்று இறப்பவர்களின் பங்கும் ஏறுகிறது. நீரடியில் இதயம் தடுமாறினால் எத்தனை ரெகுலேட்டர் இருந்தாலும் பயனில்லை. துணையாள் இருந்தால் பிழைப்போம் என்ற உறுதியும் இல்லை. ஆனால் உடலாவது உடனே மேலே வரும், மூச்சு கொடுக்க ஒரு வாய் இருக்கும். இதை மனைவியிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். ஆண்டுக்கு ஒருமுறை இதயப் பரிசோதனை, டிரெட்மில் சோதனை உட்பட. அறிக்கையை அவரே வாசிப்பார். மற்றொன்று, படகில் நம் பெயர் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நண்பருக்கு மருத்துவர் தடுத்தது கடலுக்குள் இறங்குவதை. படகில் ஏறுவதை அன்று. 2024 ஜனவரியில் அவரும் வந்தார். நம் சான்றைப் பார்த்துவிட்டும் தனியே இறங்க இசையாத படகுக்காரர்கள் உண்டு. அது அவர்கள் உரிமை, குறை சொல்வதற்கில்லை. இசைந்த ஒருவர் கிடைத்தார். அந்தப் பயணத்திலும் 2025 பிப்ரவரிப் பயணத்திலும் சேர்த்து இதுவரை ஒன்பது முறை தனியே இறங்கியிருக்கிறோம். மற்றபடி பிறரோடுதான், அதே இரண்டு சிலிண்டர்களோடு. அறிமுகமில்லாத இணையைப் பற்றிய பழைய எரிச்சல் இப்போது இல்லை. அவரிடமிருந்து எதுவும் வேண்டியதில்லை என்பதால் அவரைக் கவனிக்க மனம் வருகிறது.

தனியே இறங்கியவற்றுள் ஐந்தாவதைப் பற்றிச் சொல்லலாம். 14 மீட்டரில் மணல்வெளி. முதல் சில நிமிடங்கள் வலப்புறம் திரும்பிப் பார்க்கும் கழுத்தின் பழக்கம் போகவில்லை; இரண்டு மீட்டர் தள்ளி, சற்றே மேலே, வெறும் நீர். பின்னர் அது அடங்கியது. மணலில் ஒரு வளை. வாசலில் கோபி என்னும் சிறு மீன் அசையாமல் நின்றது. வளைக்குள்ளிருந்து இறால் ஒன்று மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டியது. அந்த இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. வளையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் உணர்கொம்பில் ஒன்றை மீனின் மேல் வைத்துக்கொண்டே வேலை செய்கிறது. ஆபத்தென்றால் மீன் வாலைச் சிலிர்க்கும். இறால் உள்ளே ஓடிவிடும். இதைப் படித்திருக்கிறோம், பலமுறை கடந்தும் போயிருக்கிறோம். முழுதாகப் பார்த்ததில்லை, ஏனென்றால் ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும், மற்றவருக்கு அலுத்துவிடுமோ என்று இருவருமே நகர்ந்துவிடுவோம். அன்று பதினேழு நிமிடம் அங்கேயே கிடந்தோம். இறால் கொட்டிய மணல் சிறு மேடாகியது. நம் குமிழிச் சத்தத்துக்கு மீன் பழகிவிட்டது.

கம்ப்யூட்டர் 38 நிமிடம் காட்டியபோது கிளம்பினோம். 5 மீட்டரில் நின்று, பையை விட்டு, மூன்று நிமிடம் கழித்து மேலே வந்தோம். இடச் சிலிண்டரில் 90, வலத்தில் 80 பார். நண்பர் படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இறங்குமுன் நாம் சொன்ன நேரம், ஆழம், திரும்பும் திசை மூன்றையும் எழுதிய பலகை அவர் மடியில் இருந்தது. 45 நிமிடத்தைத் தாண்டினால் படகுக்காரரை எழுப்புவதாக ஏற்பாடு. "நாலு நிமிஷம் மிச்சம் சார்" என்றார். பிறகு சிலிண்டர்களைத் தூக்கிவிட எழுந்தவரைப் படகுக்காரப் பையன் தடுத்து, தானே வாங்கிக்கொண்டான். கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததை யார் அவனிடம் சொன்னார்களோ தெரியவில்லை.